‘கடைசி ஆள் வந்த பிறகும்’ – ஓர் அறிவிப்புக்கு உரை

எங்கள் மலைச் சைக்கிள் குழுவுக்கு மாதம் ஒருமுறை, வியாழக்கிழமை இரவு, ஓர் அறிவிப்பு வரும். எழுதுபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் முப்பது ஆண்டு பாடம் நடத்தியவர். குழுவில் எல்லாருக்கும் அவர் ஐயாதான். பாதிக்கு மேல் தமிழர்கள் என்பதால் அறிவிப்பு முதலில் தமிழில் வரும், ஆங்கிலம் அதற்குக் கீழே. மொத்தம் ஒன்பது வரி. தேதி மாறும்; மற்றபடி ஒரு சொல் மாறாது.

புதிதாகச் சேர்கிறவர்கள் அதில் இடத்தையும் நேரத்தையும் மட்டும் பார்த்துவிட்டுக் கைப்பேசியை மூடிவிடுகிறார்கள். முதல் ஆண்டு நானும் அப்படித்தான் இருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய காயமோ, அலைச்சலோ இருக்கிறது என்பது பாதையில் ஓட்டி ஓட்டித்தான் புரிந்தது. இப்போது அந்த ஒன்பது வரியை ஒரு நூலைப் படிப்பதுபோலப் படிக்கிறேன். அதனால் இந்த உரை. தேதியை விட்டுவிட்டால், மூலம் இது:

ஞாயிறு, புலாவ் உபின்.
சாங்கிப் படகுத்துறை 7.15, படகு 7.30.
கெத்தாம் பாதை, இரண்டு சுற்று. நடுத்தரம். கறுப்பு வைரம் விரும்புவோர்க்கு மட்டும்.
தலைக்கவசம் இல்லாதவர் ஏற வேண்டாம்.
தண்ணீர் இரண்டு லிட்டர், டியூப், பம்பு அவரவர் கொண்டுவருக.
முன்னவரை முந்த வேண்டாம். பின்னவரை இழக்க வேண்டாம்.
பிரிவுதோறும் நிற்போம். கடைசி ஆள் வந்த பிறகும் கொஞ்சம் நிற்போம்.
நடப்பவர்க்கு வழி விடுக. பின்னால் எத்தனை பேர் என்று சொல்லுக. மழை பெய்தால் இல்லை. முதல்நாள் இரவு பெய்தாலும் இல்லை.
புதியவர் வரலாம்.

‘ஞாயிறு, புலாவ் உபின்’

ஞாயிறு என்றது, குழுவில் சிலருக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு என்பதால். கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் வேலை செய்யும் தம்பிகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை வசதி என்று அலுவலகக்காரர்கள் பலமுறை சொல்லியும் ஐயா மாற்றவில்லை.

உபின், சிங்கப்பூரின் வடகிழக்கில் சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கருங்கல் தீவு. 1851-ல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், பின்னாளில் ஜொகூருக்குப் போட்ட கடற்பாலத்துக்கும் இங்கிருந்துதான் கல் போனது. கல் வெட்டுவது நின்ற பிறகு குழிகளில் மழைநீர் தேங்கி ஏரிகளாயின. அப்படி ஒரு குழிதான் கெத்தாம். மலாயில் நண்டு என்று பொருள். அதைச் சுற்றி 2008-ல் ஏறத்தாழ 45 ஹெக்டேரில் மலைச் சைக்கிள் பூங்கா திறந்தார்கள். ‘சிங்கப்பூரில் ஏதய்யா மலை?’ என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பதுண்டு. நாட்டின் ஆக உயரமான புக்கிட் தீமாவே 164 மீட்டரை எட்டாது. ஆனால் மலைச் சைக்கிளுக்கு உயரம் இரண்டாம் பட்சம். வேரும் கல்லும் செம்மண் சரிவும் போதும், மூச்சு வாங்க வைக்க.

‘சாங்கிப் படகுத்துறை 7.15, படகு 7.30’

இரண்டு நேரம் ஏன்? படகு 12 பேரை ஏற்றும் சின்னப் படகு. சைக்கிள்களைத் தூக்கி முன்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்க வேண்டும். அதற்கே நேரம் பிடிக்கும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தின் உண்மையான வேலை வேறு. சூரியன் இங்கே ஆண்டு முழுதும் ஏழு மணியை ஒட்டித்தான் எழும். அந்த இளவெளிச்சத்தில் ஐயா ஒவ்வொரு சைக்கிளாக வருவார். கட்டைவிரலால் டயரை அழுத்துவார். இரண்டு பிரேக்கையும் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவார். கடைசியில் முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். இறுக்கமான வண்டி ‘டொப்’ என்று ஒரே ஒலி தரும். தளர்ந்தது ஏதாவது இருந்தால் அந்த ஒலிக்குப் பின்னால் ஒரு சிறு கிலுகிலுப்பு வரும். என் கைப்பிடித் தண்டின் திருகு ஒன்று தளர்ந்திருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார். நான் அதோடு இரண்டு வாரம் ஓட்டியிருந்தேன்.

‘கறுப்பு வைரம் விரும்புவோர்க்கு மட்டும்’

பாதையின் கடுமையைக் காட்டும் குறிகள் பனிச்சறுக்கு மைதானங்களிலிருந்து வந்தவை. பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டை வைரம் மிகக் கடினம். கெத்தாமில் இந்தப் பலகைகளைப் பார்க்கலாம். கடினமான கிளை ஒரு பக்கம் போகும், எளிய கிளை இன்னொரு பக்கம் போகும், கொஞ்ச தூரத்தில் சேர்ந்துகொள்ளும்.

இந்த வரியில் உரை வேண்டுவது ‘விரும்புவோர்க்கு’ என்ற சொல்லுக்கு. ‘முடிந்தவர்க்கு’ என்று எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் இறங்காதவர் முடியாதவர் ஆகிவிடுவார். குழுவோடு ஓட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு: தனியாக வந்தால் இறங்க மாட்டாத சரிவில், நாலு பேர் பார்க்கிறார்களே என்று இறங்கிவிடுவோம். பயத்தோடு இறங்குகிறவர் உடலைப் பின்னுக்கு இழுத்து, கையை விறைத்து, முன்பிரேக்கைச் சட்டென்று பிடிப்பார். சக்கரம் நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டார். ஐயா வைரப் பலகைக்கு முன்னால் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ‘அந்தப் பக்கம் சேர்வோம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தனக்குச் சரளமாக வரும் பாதையாக இருந்தும் பல தடவை எளிய கிளையில்தான் போவார். அவர் போன பிறகு அந்தப் பக்கம் போக யாருக்கும் கூச்சம் இராது.

‘தலைக்கவசம் இல்லாதவர் ஏற வேண்டாம்’

எதில் ஏற வேண்டாம் என்று சொல்லவில்லை. சைக்கிளில் என்றுதான் முதலில் தோன்றும். ஐயா சொல்வது படகில். தீவுக்கு வந்துவிட்ட பிறகு யாரும் கரையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ‘மெதுவாப் போறேன் ஐயா’ என்று கிளம்பிவிடுவார்கள். தீவில் மருத்துவமனையும் கிடையாது.

‘டியூப், பம்பு அவரவர் கொண்டுவருக’

சக்கரத்தில் 26, 27.5, 29 அங்குலம் என்று மூன்று அளவு புழங்குகிறது. வால்விலும் இரண்டு வகை. பக்கத்தில் ஓட்டுகிறவரின் டியூப் எனக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. காற்றுக் குறைவான டயர் கல்விளிம்பில் மோதினால், கல்லுக்கும் சக்கர விளிம்புக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல அருகருகே இரண்டு ஓட்டை விழும். ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்க நேரம் இல்லை, டியூபை மாற்றத்தான் வேண்டும். ‘அவரவர்’ என்பது கடுமையாகத் தொனிக்கலாம். ஆனால் ஒருவரிடம் இல்லையென்றால் 12 பேரும் கொசுக்கடியில் நிற்க வேண்டியிருக்கும்.

‘முன்னவரை முந்த வேண்டாம், பின்னவரை இழக்க வேண்டாம்’

முன்னவர் என்றது நமக்கு முன்னால் போகிற எல்லாரையும் அல்ல, வழி நடத்துகிறவர் ஒருவரை. மற்றவர்களைக் கேட்டுக்கொண்டு, இடம் பார்த்து முந்தலாம். வழிகாட்டியை முந்தியவருக்கு மட்டும் அடுத்த பிரிவு எங்கே என்று தெரியாது.

பின்பாதியில் ஐயாவின் நுட்பம் இருக்கிறது. ‘குழுவைப் பார்த்துக்கொள்க’ என்று எழுதவில்லை. குழுவை யாரும் பார்த்துக்கொள்ள முடியாது. எல்லாருடைய பொறுப்பும் கடைசியில் யாருடைய பொறுப்பும் இல்லாமல் போகும். பின்னவர் என்பது ஒருமை. எனக்கு உடனே பின்னால் வருகிற அந்த ஒருவர். அவரை நான் இழக்கக் கூடாது. என்னை எனக்கு முன்னால் போகிறவர் இழக்கக் கூடாது. இப்படி 12 பேரும் கண்ணிகளாகக் கோத்துக்கொள்கிறோம். சரிவில் திரும்பிப் பார்த்தால் விழுவோம். அதனால் மேடு ஏறி முடிந்ததும் பார்க்க வேண்டும், வளைவு முடிந்ததும் பார்க்க வேண்டும். ஆள் தெரியவில்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நான் குறைத்தால் எனக்கு முன்னால் போகிறவருக்கு நான் தெரியாமல் போவேன், அவரும் குறைப்பார். ஒரு கூச்சல் இல்லாமல் செய்தி தலைவரை எட்டிவிடும்.

‘பிரிவுதோறும் நிற்போம். கடைசி ஆள் வந்த பிறகும் கொஞ்சம் நிற்போம்’

மூலத்தின் உயிர் இந்த வரி.

இந்தக் குழுவில் சேர்வதற்கு முன் வேறொரு குழுவோடு இதே தீவுக்கு வந்திருக்கிறேன். அன்று நான்தான் ஆக மெதுவானவள். ஒரு பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது யாரும் இல்லை. ஈரமண்ணில் டயர்த் தடம் இரண்டு பக்கமும் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். சிள்வண்டுச் சத்தம்தான் கேட்டது. இடப்பக்கம் போய், முட்டுச்சந்துபோல ஓரிடத்தில் நின்று, திரும்பி வந்து, வலப்பக்கம் போய், தார்ச்சாலையைக் கண்டபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. படகுத்துறைக் கடையில் அவர்கள் இளநீர் குடித்து முடித்திருந்தார்கள். ‘எங்கே போயிட்டீங்க?’ என்று கேட்டார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. யாராவது ஒருவர் நிற்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். ‘நிற்போம்’ என்ற தன்மைப் பன்மையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிரிவு ஞாபகம் வரும்.

இனி, ‘கடைசி ஆள்’ யார்? இதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். ஆக மெதுவாக வருகிறவர் என்பது ஒன்று. கடைசியில் வருவதற்கென்றே குழு நியமித்தவர் என்பது இன்னொன்று. எங்கள் குழுவில் அப்படி ஒருவர் உண்டு. நன்றாக ஓட்டத் தெரிந்தவர், சங்கிலிக் கருவியும் முதலுதவிப் பையும் அவரிடம்தான் இருக்கும். அவர் வந்துவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று, தலை எண்ண வேண்டியதில்லை. ஐயாவின் கருத்து இந்த இரண்டாவது ஆள் என்றே கொள்கிறேன். ஆனால் ‘கொஞ்சம் நிற்போம்’ என்றது அவருக்காக அல்ல, அவருக்கு முன்னால் தள்ளாடி வருகிற அந்த ஒருவருக்காக.

‘வந்த பிறகும்’ என்பதில் உள்ள உம்மை, எச்ச உம்மை. வரும் வரை நிற்போம், வந்த பிறகும் நிற்போம் என்று விரியும். பல குழுக்கள் முதல் பாதியைச் செய்கின்றன. முன்னால் போனவர்கள் பிரிவில் ஐந்து நிமிடம் நிற்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள், படம் எடுப்பார்கள். மெதுவானவர் முகம் சிவந்து வந்து சேர்வார். ‘வந்தாச்சா? சரி, போலாம்’ என்று எல்லாரும் பெடலில் கால் வைப்பார்கள். வலுவானவர்களுக்கு ஐந்து நிமிட ஓய்வு. அது யாருக்குத் தேவையோ அவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அடுத்த பிரிவில் அவர் இன்னும் பின்தங்குவார், ஓய்வு இன்னும் குறையும். கை சோர்ந்தால் கைப்பிடி நழுவும், பிரேக் விரல் தாமதிக்கும், பெடலில் குதிகாலைத் தாழ்த்தி நிற்க முடியாமல் இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்துவிடுவார். அந்த நிலையில் ஒரு சின்ன வேர் போதும். நான் பார்த்த விழுதல்களில் பெரும்பாலானவை இரண்டாம் சுற்றில், பின்வரிசையில் நடந்தவை.

‘கொஞ்சம்’ என்பது எவ்வளவு? அறிவிப்பில் அளவு இல்லை. பாதையில் உண்டு. கப்பல் பட்டறைத் தம்பி ஒருவர், இரவல் சைக்கிளில் முதல் தடவை வந்தார். பெடலுக்கும் அவர் காலுக்கும் அன்று பகை. நாலாவது பிரிவுக்கு வந்ததும் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு முழங்காலில் கை ஊன்றி நின்றார். யாரும் கிளம்பவில்லை. அவர் போத்தலை எடுத்துத் திறந்தார், குடித்தார், மூச்சு விட்டார், மறுபடி குடித்தார். ஐயா எதிரே இருந்த ரம்புத்தான் மரத்தைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டிருந்தார். தம்பி போத்தலின் மூடியைத் திருகி மூடினார். அதன் பிறகுதான் ஐயாவின் கை கைப்பிடிக்குப் போனது. அன்று முழுவதும் கவனித்தேன். ஒவ்வொரு பிரிவிலும் அதுதான் கணக்கு: கடைசியாக வந்தவர் போத்தலை மூடும் வரை. அந்தத் தம்பிக்கு இது தெரியாது; தனக்காக நிற்கிறார்கள் என்று தெரிந்தால் தாகத்தோடு மூடிவிடுவார். அதனால்தான் அந்த அளவை ஐயா அறிவிப்பில் எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

‘நடப்பவர்க்கு வழி விடுக, பின்னால் எத்தனை பேர் என்று சொல்லுக’

மலைச் சைக்கிள் பிறந்த இடமாகச் சொல்லப்படும் கலிஃபோர்னியாவின் மரீன் வட்டாரத்தில், 1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் அருகே பழைய பருமன் டயர்ச் சைக்கிள்களில் ஒரு சரிவில் பந்தயம் விட்டார்கள். அந்தச் சரிவுக்கு ‘ரீபேக்’ என்று பெயர்; ஒருமுறை இறங்கினால் பின்சக்கர பிரேக்கின் மசகு உருகிப் புகைந்துவிடும், புதிதாக அடைக்க வேண்டும். அந்தப் பெயரின் காரணம் அதுதான். பத்து ஆண்டுக்குள் அதே மாநிலத்தில் நடப்பவர்களும் குதிரையேறுபவர்களும் சைக்கிளைப் பற்றிப் புகார் செய்ய, பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1988-ல் கலிஃபோர்னியக் குழுக்கள் சில கூடிப் பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கியதற்கு அந்த இழப்பே காரணம். வேகத்தை அடக்கு, வழி விடு, தடம் பதிக்காதே, விலங்கை மிரட்டாதே என்ற வகையில் அவர்கள் வகுத்த நெறிகள் இன்று பல நாட்டுக் குழுக்களிலும் புழங்குகின்றன.

வழி விடுவது எல்லாருக்கும் புரியும். எண்ணிக்கை சொல்வது ஏன்? காட்டுப்பாதையில் நடக்கிற ஒரு பாட்டி முதல் சைக்கிளுக்கு ஒதுங்குகிறார். அது போனதும் மறுபடி நடுவில் காலை வைப்பார். அப்போதுதான் வளைவிலிருந்து இரண்டாவது வரும். ‘பின்னால இன்னும் பதினொரு பேர் வர்றோம்மா’ என்று முதல் ஆள் சொன்னால் அவர் நிதானமாக நிற்கலாம். அடுத்தவர் பத்து என்பார், அதற்கடுத்தவர் ஒன்பது என்பார். கடைசி ஆள் ‘நான்தாங்க கடைசி, நன்றி’ என்று சொல்லிப் போவார். உபினில் காட்டுப்பன்றியும் உண்டு. அதற்கு எண்ணிக்கை சொல்லிப் பயனில்லை. குட்டிகளோடு இருந்தால் இறங்கி, சத்தம் காட்டாமல் பின்வாங்கி, அது போகும் வரை நிற்கிறோம்.

‘மழை பெய்தால் இல்லை, முதல்நாள் இரவு பெய்தாலும் இல்லை’

முதல் பாதி நமக்காக, மின்னலுக்குப் பயந்து. இரண்டாம் பாதி பாதைக்காக. வெயில் அடிக்கும் ஞாயிறு காலையில் பயணம் ரத்து என்றால் எல்லாருக்கும் வருத்தம்தான். ஆனால் ஊறிய களிமண்ணில் 12 சைக்கிள் போனால் டயர் பதிந்த பள்ளம் வாய்க்கால் ஆகும். அடுத்த மழைநீர் அதிலேயே ஓடி ஆழப்படுத்தும். தேங்கிய நீரைச் சுற்றிப் போகிறவர்கள் ஓரத்துச் செடியை மிதித்துப் பாதையை அகலப்படுத்துவார்கள். சிங்கப்பூரில் மண்பாதை என்பது கிடைத்தற்கரிய பொருள். 2010-ல் இளையர் ஒலிம்பிக்கின் மலைச் சைக்கிள் போட்டி நடந்த தெம்பனிஸ் பூங்காவே இப்போது இல்லை. இருப்பதைத் தேய்த்துவிட்டுப் போக நமக்கு உரிமை கிடையாது என்பதில் நான் ஐயாவின் பக்கம்.

‘புதியவர் வரலாம்’

‘வருக’ என்று எழுதாதது ஏன் என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். தமிழாசிரியராயிற்றே, வியங்கோள் தெரியாதா என்ன.

“வான்னு கூப்பிட்டா மறுக்கிறது கஷ்டம்மா. பயப்படுறவங்களும் வந்துடுவாங்க. வரலாம்னா அவங்க முடிவு,” என்றார்.

கடைசி வரியாக வைத்ததற்கும் காரணம் உண்டு. மேலே உள்ள எட்டையும் படித்துவிட்டு இங்கே வந்து சேர்கிறவர், தன்னை யாரும் பிரிவில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள் என்று ஏற்கெனவே அறிந்திருப்பார்.

போன ஞாயிறு 7.15-க்குப் புதியவர்கள் மூன்று பேர் படகுத்துறைக்கு வந்திருந்தார்கள். ஒரு தம்பியிடம் தலைக்கவசம் இல்லை. நாலாவது வரியை நினைத்து நான் அவரைவிட அதிகமாகச் சங்கடப்பட்டேன். ஐயா தன் முதுகுப்பையிலிருந்து இன்னொரு கவசத்தை எடுத்தார். அதன் நாடாவைத் தானே நீட்டிக் கட்டி, தம்பியின் தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு, படகைக் காட்டினார்.